புதுச் செயின் போட்டும் வழுக்குகிறதே!
வாசகர் கேள்வி - பதில்: சைக்கிள் பராமரிப்பு

கேள்வி: என் மகன் 7 கியர் சைக்கிளில் இடைநிலைப்பள்ளிக்குப் போய் வருகிறான். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் செயின் ‘டக்’கென்று வழுக்கி, பெடல் சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. கடையில் செயின் தேய்ந்துவிட்டது என்று புதுசு மாட்டினார்கள். இப்போது முன்பைவிட அதிகமாக வழுக்குகிறது. மட்டமான செயினைப் போட்டுவிட்டார்களா?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: செயின் மட்டமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பின்னால் இருக்கும் பல்சக்கரங்கள் தேய்ந்திருக்கும் என்பதே எங்கள் முதல் சந்தேகம். அதைச் சரிசெய்யும்வரை மகன் எழுந்து நின்று மிதிக்கவே கூடாது. வழுக்கும் நொடியில் கால் நழுவி, சைக்கிளோடு சாலையில் சாய்வான். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடும் சாலையில் அது விளையாட்டல்ல.

புதுச் செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே சரியாக அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஓட ஓட ஆணிகளும் அவற்றைச் சுற்றிய துளைகளும் தேய்வதால் அந்த இடைவெளி கூடுகிறது. கூடிய இடைவெளிக்கு ஏற்பப் பல்சக்கரத்தின் பற்களும் தேய்ந்துகொள்கின்றன. பழைய செயினும் பழைய பல்லும் ஒன்றுக்கொன்று பழகிப்போய் ஓரளவு ஓடிக்கொண்டிருக்கும். அங்கே சரியான அளவுள்ள புதுச் செயின் வந்தால் அதன் உருளைகள் பல்லின் அடியில் உட்காராமல், அழுத்தி மிதித்ததும் பல்மேல் ஏறித் தாவிவிடும். அதிகம் ஓட்டும் சின்னச் சக்கரங்களில்தான் இது முதலில் தெரியும். குறைந்த பற்களே முழு இழுப்பையும் தாங்குவதால் அவை சீக்கிரம் தேய்கின்றன.

பணம் செலவழிக்கும் முன் வீட்டிலேயே மூன்று சோதனைகள் செய்து பாருங்கள்.

எந்தக் கியரில் வழுக்குகிறது என்று மகனையே கேளுங்கள். ஒன்றிரண்டு கியரில் மட்டும் என்றால் தேய்ந்தது அந்தச் சக்கரங்களே. நன்றாக இருக்கும் பல் இரு பக்கமும் ஒரே மாதிரி சரியும். தேய்ந்த பல் ஒரு பக்கம் வளைந்து, சுறாவின் துடுப்பு போல நிற்கும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானமும் வழுக்க வைக்கும் என்பதால் பார்வையை மட்டும் நம்ப வேண்டாம்.

எல்லாக் கியரிலும் ஒரே இடைவெளியில் ‘டக்’ வந்தால், செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. 116 கண்ணிச் செயின், முன்னால் 44 பல் என்றால், பெடல் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் போகும்போது ஒருமுறை வரும். புதுச் செயினில் கடைக்காரர் இணைத்த இடமே பெரும்பாலும் இறுகியிருக்கும். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பின்சக்கரத்தருகே தொங்கி, செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் கியர் கையின் குட்டிச் சக்கரங்களைத் தாண்டும்போது மடங்காமல் துள்ளும் கண்ணி அதுதான். ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அதன் இரு பக்கத்தையும் விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் மென்மையாக வளைத்தால் தளர்ந்துவிடும். காசில்லாமல் தீரும் கோளாறு இது, ஆகவே இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது சோதனைக்கு ஒருவர் பின் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் பெடலை முன்நோக்கி அழுத்த வேண்டும். செயின் பல்மேல் ஏறினால் தேய்மானம். செயின் தாவாமல் பல்லில் உட்கார்ந்திருக்க, பின்சக்கரம் நிற்க, பல்சக்கரக் கட்டு மட்டும் சுற்றினால் ஃப்ரீவீலின் (அந்தப் பல்சக்கரக் கட்டின்) உள்ளே இருக்கும் கொக்கிகள் பிடிக்கவில்லை. விரலைச் செயினருகே கொண்டுபோகாதீர்கள்.

இந்த இரண்டில் எதுவானாலும் மாற்ற வேண்டியது ஃப்ரீவீல்தான். செயின் புதிது என்பதால் அப்படியே இருக்கட்டும். பழைய கட்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய், அதே 7 சக்கரம், பெரிய சக்கரத்தில் அதே பல் எண்ணிக்கை உள்ளதை வாங்குங்கள். கழற்ற அதன் பள்ளங்களுக்குப் பொருந்தும் ஃப்ரீவீல் சாவி வேண்டும். சாவியை உள்ளே நுழைத்து, வழுக்காதபடி அச்சு நட்டால் லேசாகப் பிடித்துவைத்து, பெரிய ஸ்பேனரால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். மிதித்து மிதித்து இறுகியிருக்கும், நல்ல பலம் வேண்டும். அசைந்ததும் நட்டைத் தளர்த்திவிட்டுத் தொடருங்கள். புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, கையாலேயே திருகி ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் மரை கெட்டு, பின்சக்கரத்தின் நடுக்குடமே பாழாகும். கடைசி இறுக்கத்தை மிதியே பார்த்துக்கொள்ளும்.

கியர் மாறும்போது மட்டும் தயங்கித் தாவினால், அது கேபிள் சங்கதி. கேபிள் கியர் கைக்குள் நுழையும் இடத்தில் உள்ள திருகை அரைச் சுற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கேபிள் இறுகும்.

அடுத்த முறை செயினைக் காலத்தில் மாற்ற, பள்ளி அளவுகோல் போதும். ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். 24-ஆவது கண்ணியின் ஆணி சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம். 1/8 தள்ளிவிட்டால் ஃப்ரீவீலும் சேர்ந்துபோகும்.

கேள்வி: அப்பாவின் கியரில்லாத சைக்கிளில் செயின் அடிக்கடி தொய்ந்து கழன்றுவிடுகிறது. இறுக்கினாலும் ஒரு வாரம்தான்.
- வாசகர், சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டம்

பதில்: மிதிக்கும் இழுப்பில் பின்சக்கரத்தின் வலப்பக்கம் முன்னால் நகர்கிறது. நட்டின் அடியில் வாஷர் இருக்கிறதா, மரை மழுங்கியதா என்று பாருங்கள். இரு நட்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, சட்டத்தின் இரு கைகளுக்கும் நடுவில் நிறுத்துங்கள். செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பெடலைச் சுற்றி, ஓரிடத்தில் விறைப்பானால் சற்றுத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் பேரிங் தேயும். பின் பிரேக்கையும் சரிபாருங்கள். சக்கரத்தின் அச்சு, அது நிற்கும் சட்டத்துப் பள்ளத்தின் கோடிக்கே போய்விட்டதென்றால், செயினின் ஆயுள் முடிந்தது. புதிய செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கிளிப்பை மாட்டும்போது மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும்.

கேள்வி: செயினுக்குச் சமையல் பாமாயில் போடலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டவே வேண்டாம். காற்றுபட்டுப் பிசினாகி, செம்மண் தூசியைப் பிடித்துவைத்து, செயினை அரைத்துவிடும். மோட்டார்சைக்கிளில் வடித்த பழைய எண்ணெயிலும் இரும்புத்தூள் இருக்கிறது, அதுவும் கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, நன்றாக உலர்ந்தபின் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி சைக்கிள் எண்ணெய் விடுங்கள். சிறிது நேரம் கழித்து, வெளியே நிற்கும் எண்ணெயைத் துணியால் முழுதும் துடையுங்கள். மழையில் நனைந்த அன்றே உலர்த்தி எண்ணெய் விட வேண்டும். சக்கர வளையத்திலும் பிரேக் கட்டையிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது.