சிடி மாறவில்லை, மூச்சு மட்டும் ஏன் மோசமாகிறது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 54 வயது. ஸ்கிளீரோடெர்மா (தோல் இறுகும் நோய்), நுரையீரலில் தழும்பும் உண்டு. இந்த முறை சிடி ஸ்கேன் பழையபடியே இருக்கிறது. ஆனால் கொல்லைக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்குகிறது, சாயங்காலமானால் கால் வீங்குகிறது. எக்கோவில் அழுத்தம் 48 என்று எழுதி, தஞ்சாவூரில் இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். நோய் நுரையீரலில்தானே, இதயத்தில் எதற்கு?

பதில்: சிடி மாறாதது நல்லதுதான், ஆனால் அது பாதிச் செய்தி. மார்கழியில் கோலம் போடும்போது அம்மாவின் விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பாரித்திருக்குமே? இந்த நோய் ரத்தக்குழாய்களையும் விட்டுவைப்பதில்லை. நுரையீரலின் நுண்குழாய்களில் சுவர் தடித்து வழி குறுகினால், தழும்பு கூடாமலே மூச்சு கெடும். ஊதிப் பார்க்கும் சோதனையின் பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள். எஃப்விசி (முழு மூச்சில் ஊதும் காற்றின் அளவு) அப்படியே நிற்க, டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்) மட்டும் இறங்கிக்கொண்டே வந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புவது இதயத்தின் வலது பக்கம். அது ரத்தம் தள்ளும் நுரையீரல் குழாயில் சராசரி அழுத்தம் 14 போலத்தான் இருக்கும், அதனால் வலது பக்கத்தின் சுவரும் மெல்லியது. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்தால் தண்ணீர் பின்னால் ஏறுவதை உங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அம்மாவின் கால் வீக்கம் அப்படிப் பின்னால் தேங்குவதாக இருக்கலாம்.

சரி, எக்கோ போதாதா? போதாது. அந்த 48 ஒரு கணிப்பு, அதுவும் மேல் அழுத்தம். நுரையீரல் தழும்பு உள்ளவர்களிடம் அந்தக் கணிப்பு தப்புவதும் உண்டு. குழாய் விட்டால் சராசரி அழுத்தத்தையே நேராக அளக்கலாம்; 20-க்கு மேல் போனால் அதிகம். கோளாறு நுரையீரல் குழாயிலா, இதயத்தின் இடது பக்கத்திலா என்பதும் அதில்தான் பிரியும். கழுத்து அல்லது தொடைச் சிரையில் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள். ஸ்டென்ட் வைக்கும் வேலை அல்ல, பயப்பட வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், மருந்து இதைப் பொறுத்தே மாறும். குழாய்தான் காரணம் என்றால் சில்டெனாஃபில், போசென்டான் போன்றவை உதவும். ஆனால் இதே வேலைக்குத் தரும் ஆம்பிரிசென்டானும் ரியோசிகுவாட்டும், காரணம் தெரியாமல் வரும் நுரையீரல் தழும்பு நோயில் சோதித்தபோது கெடுதல்தான் செய்தன. ஊகத்தில் மாத்திரை தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. சில்டெனாஃபில் ஆண்மைக் குறைவுக்கும் தரும் மருந்து என்பதால், அதை எழுதினால் மருந்துக்கடையில் யாராவது சிரிக்கலாம், காதில் வாங்காதீர்கள். ஆனால் அதைச் சாப்பிடுபவருக்கு நெஞ்சு வலி என்று பக்கத்து வீட்டார் நாக்கடியில் சார்பிட்ரேட் வைத்துவிடக் கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தாக விழும்.

இன்னொன்று. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி குளிர்ந்த விரலில் குறைத்துக் காட்டும். கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள், ஆஸ்பத்திரியில் காது மடலிலோ நெற்றியிலோ பார்க்கச் சொல்லுங்கள். சூடான விரலிலும் 90-க்குக் கீழே நின்றால் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

சோதனைத் தேதிக்குள் மயக்கம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். போகும்போது பழைய எக்கோ, ஊதிய சோதனைத் தாள்கள், அப்புறம் இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள்.