999 ரூபாயில் டிவி, நெட், போன் எல்லாம்: மாறலாமா?

கேள்வி: திருச்சி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். கணவர் மருந்து கம்பெனி ரெப், பெரம்பலூர், அரியலூர் என்று தினமும் சுற்றுகிறவர். நான் வீட்டிலேயே தையல் வேலை எடுத்துச் செய்கிறேன். 74 வயது மாமியார், பத்தாம் வகுப்பு மகள், கோவையில் ஹாஸ்டலில் மகன். கேபிளுக்கு மாதம் 260, பிஎஸ்என்எல் லேண்ட்லைனுக்கு 235, கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் நெட்டுக்கு 589, அமேசான் பிரைம் வருடத்துக்கு 1,499. நான்கு செல்போன்களுக்கும் 349 ரூபாய் ரீசார்ஜ். போன வாரம் ஒரு நெட் கம்பெனிப் பையன் நோட்டீஸோடு வந்து, மாதம் 999 கட்டினால் 350 சேனலோடு டிவி, 150 எம்பிபிஎஸ் வேகத்தில் நெட், லேண்ட்லைன், பிரைம் எல்லாம் ஒரே லைனில் வந்துவிடும் என்றார். மாதம் 200 ரூபாய் மிச்சம் என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா? ஸ்மார்ட் டிவி இருந்தால் நல்லது என்றும் சொன்னார், 43 இஞ்சில் ஒன்றை நோ-காஸ்ட் இஎம்ஐயில் (வட்டியில்லாத் தவணையில்) பார்த்து வைத்திருக்கிறோம்.

பதில்: மாற வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் பணம் ஒழுகிக்கொண்டிருப்பது உண்மைதான், நீங்கள் பார்க்கிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்த 999. நோட்டீஸில் சிறிய எழுத்தில் "வரிகள் தனி" என்று போட்டிருப்பார்கள், இருக்கிறதா பாருங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் மாதம் 1,178.82, வருடத்துக்கு 14,146 ரூபாய். இப்போது நீங்கள் கட்டுவது எவ்வளவு? கேபிள் 3,120, லேண்ட்லைன் 2,820, நெட் 7,066 (589 ரூபாயில் வரியும் அடக்கம், 499க்கு 18 சதவீதம் போட்டால் அதுதான் வரும்), பிரைம் 1,499. மொத்தம் 14,505. மாதம் 200 மிச்சம் என்று நீங்கள் நினைத்தது வருடத்துக்கே 359 ரூபாயில் வந்து நிற்கிறது. வரி சேர்ந்த தொகையையும் வரி சேராத தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் வந்த வினை, இதில் ஏமாறாதவர்கள் குறைவு, நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன்.

அந்த 359 ரூபாய்க்காக நீங்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். லேண்ட்லைன் எண் போய்விடும். செல்போன் எண்ணை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோவது மாதிரி லேண்ட்லைன் எண்ணைக் கொண்டுபோக முடியாது, புதுக் கம்பெனி புது எண்தான் தரும். அடுத்து, "350 சேனல்" என்கிறாரே, அதில் சன் டிவி நேரலையில் வருமா, அல்லது அவர்களுடைய ஆப்பான சன் நெக்ஸ்டுக்குச் சந்தா தனியாகக் கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். பையன் தலையைச் சொறிந்தால் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும். அப்படியே வந்தாலும், இத்தனை வருடமாக ரிமோட்டில் மூன்று நம்பரைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டிய உங்கள் மாமியார் இனி ஆப்பைத் திறந்து, புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, லைவ் என்ற இடத்தைத் தேடிப் போக வேண்டும். ஏழரை மணிக்கு சீரியல் ஆரம்பிக்கிற நேரத்தில் உங்களைத் தையல் மெஷினிலிருந்து எழுப்புவார். இதற்குக் கணக்கில் விலை போட முடியாது, ஆனால் விலை உண்டு.

சரி, ஒழுகுகிற இடத்துக்கு வருவோம். செல்போன் ரீசார்ஜ். 349 என்பது மாதத்துக்கு என்று மனதில் பதிந்திருக்கும், ஆனால் அதன் வேலிடிட்டி 28 நாள். 365ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள், வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். ஒரு போனுக்கு 4,537, நான்குக்கும் சேர்த்து 18,148 ரூபாய். கேபிள், லேண்ட்லைன், நெட், பிரைம் நான்கையும் கூட்டினாலும் இதைவிடக் குறைவு. நீங்களும் அந்தக் கம்பெனிப் பையனும் உட்கார்ந்து பேசியது அந்தச் சின்னத் தொகையைப் பற்றி, பெரிய தொகையை ஒருவரும் தொடவே இல்லை.

நான்கு பேருக்கும் ஒரே பேக் ஏன்? மாமியார் வீட்டை விட்டுப் போவது கோயிலுக்கும் டாக்டரிடமும்தான், வீட்டில் வைஃபை இருக்கிறது, அவர் போனுக்குத் தினம் ஒன்றரை ஜிபி டேட்டா எதற்கு? டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது, 2025 ஜனவரியில் கம்பெனிகள் கொண்டுவந்தன. அப்போது ஏர்டெலில் 365 நாளுக்கு 1,849, ஜியோவில் 336 நாளுக்கு 1,748. இன்றைய விலையை ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இந்த பேக்குகள் முதல் பக்கத்தில் இருக்காது, கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும், ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1,849 என்று வைத்தால் மாமியார் போனில் மட்டும் 2,688 மிச்சம்.

உங்கள் போனுக்கு அதைப் போடாதீர்கள். கடையில் ஜிபே பண்ணும்போது டேட்டா இல்லாமல் நிற்பீர்கள். 28 நாளுக்கு 2 ஜிபி தருகிற 199 ரூபாய் அளவிலான பேக் போதும், பகல் முழுக்க வைஃபையில் இருக்கிறவருக்கு அதுவே மிஞ்சும். பதின்மூன்று தடவை போட்டாலும் 2,587தான், 1,950 மிச்சம். கணவருக்கும் மகனுக்கும் டேட்டா வேண்டும், அதைக் குறைக்காதீர்கள், 28 நாள் பேக்கை மட்டும் 84 நாள் பேக்காக மாற்றுங்கள். அதே ஒன்றரை ஜிபி 859 ரூபாய் என்றால் வருடத்துக்குச் சுமார் 3,733 ஆகும், ஆளுக்கு 800 ரூபாய் குறையும். ஆக, செல்போனில் மட்டும் 6,200 ரூபாய்க்கு மேல். யாரும் எதையும் இழக்கவில்லை.

அடுத்தது லேண்ட்லைன். அந்த எண் கேஸ் புக்கில், பேங்கில், சொந்தக்காரர்கள் டைரியில் எல்லாம் இருக்கும், மாமியார் விடச் சம்மதிக்க மாட்டார், விடவும் வேண்டாம். பழைய செம்புக் கம்பியில் இருக்கிற பிஎஸ்என்எல் எண்ணை அப்படியே அவர்களுடைய ஃபைபருக்கு மாற்றிக்கொள்ளலாம். மாதம் 499 கூட்டல் வரி அளவில் நெட்டும் அதே எண்ணில் பேச்சும் சேர்ந்து வரும், இப்போது நெட்டுக்கு மட்டும் அதைத்தான் கொடுக்கிறீர்கள். தனி லேண்ட்லைன் பில் 2,820 போய்விடும். ஒரே ஒரு எச்சரிக்கை: பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல இடங்களில் வீட்டுக்கு இழுத்துத் தருவது உள்ளூர் பார்ட்னர்தான், ஒரு தெருவில் அருமையாக ஓடும், அடுத்த தெருவில் மழை பெய்தால் மூன்று நாள் ஆள் வரமாட்டார். எனவே எக்ஸ்சேஞ்சில் கேட்பதைவிட, உங்கள் தெருவில் ஏற்கெனவே வைத்திருக்கிற இரண்டு வீட்டில் கேளுங்கள். அவர்கள் முகம் சுளித்தால் இதை விட்டுவிடுங்கள், இப்போதிருக்கிற ஏற்பாடே தொடரட்டும்.

மாறினால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய லேண்ட்லைனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வழியாகவே வரும், வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபரில் வீட்டில் மாட்டுகிற ரௌட்டர் பெட்டி கரண்ட் போய் அணைந்தால் போனும் சேர்ந்து அணையும். நீங்கள் வெளியே போய், மாமியார் தனியாக இருக்கிற நேரத்தில் அது நடக்கக் கூடாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ரௌட்டருக்கென்றே விற்கிற குட்டி யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

புது லைன் ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை பழைய நெட்டை நிறுத்தாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து 589 கூடுதலாகப் போகும், போகட்டும், மகளுக்குப் பத்தாம் வகுப்பு. ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் முன்பணம் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள், முதல் மாதமே அதில் விழ வேண்டாம். நிறுத்தும்போது ரௌட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள், அந்த ரௌட்டரின் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் வந்த ஆளிடம் நம்பிக் கொடுத்துவிட்டு, ஐந்து மாதம் கழித்து ரௌட்டர் வரவில்லை, 2,000 கட்டுங்கள் என்று போன் மேல் போன். கம்பெனி பெயர் வேண்டாம். கொடுத்தது நிஜம், காட்டக் காகிதம் இல்லை, கடைசியில் பாதி கட்டி முடித்தேன்.

150 எம்பிபிஎஸ் வேகம் கிடைக்குமே என்று ஆசை இருந்தால்: மிகத் துல்லியமான 4கே படத்துக்கே நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான். பின் அறையில் மகளுக்கு சிக்னல் வரவில்லை என்றால் ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தால் 1,000 எம்பிபிஎஸ் வாங்கினாலும் அதே கதைதான்.

கேபிள் அப்படியே இருக்கட்டும். கேபிள்காரரிடம் உங்கள் பேக்கில் என்னென்ன கட்டண சேனல் இருக்கிறது என்று பட்டியல் மட்டும் கேளுங்கள். யாரும் பார்க்காத இந்தி, ஆங்கில சேனல் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், நாற்பது ஐம்பது குறைந்தால் நல்லது, குறையாவிட்டாலும் சண்டை வேண்டாம். பிரைம் சாமான் வாங்கவும் பயன்படுகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஓடிடி வேண்டுமென்றால் மாதச் சந்தா, அதுவும் பொதுத்தேர்வு முடிந்த பிறகு.

கடைசியாக அந்த 43 இஞ்ச் டிவி. நோ-காஸ்ட் என்றாலும் பேங்க் வட்டி போடும், அதைத் தள்ளுபடியாகக் கழிப்பார்கள், அவ்வளவுதான்; அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் கார்டு ஸ்டேட்மென்ட்டில் தனியாக வந்து உட்காரும், அது சின்ன விஷயம். வருடம் 359 ரூபாய் மிச்சம் பிடிக்க டிவி வாங்கப் போகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். பழைய டிவி ரிப்பேராகி, புதிது வாங்க நினைத்தால் அது வேறு பேச்சு. நன்றாக ஓடுகிறதென்றால், டிவியைக் கொஞ்சம் திருப்பிப் பின்பக்கம் ஹெச்டிஎம்ஐ என்று எழுதிய ஓட்டை இருக்கிறதா பாருங்கள். கேபிள் பாக்ஸ் ஒன்றைப் பிடித்திருந்தாலும் பெரும்பாலும் இன்னொன்று காலியாக இருக்கும், அதில் சொருகி நெட் வழியாகப் படம் பார்க்கிற ஸ்டிக்கை வாங்கினால் மகள் பிரைம் பார்ப்பாள், மாமியாருடைய ரிமோட் அவர் கையிலேயே இருக்கும்.