கிளப் ஊர் மாறினால் அகாடமிப் பிள்ளைகளின் கதி என்ன?

தொழில்முறைக் கால்பந்து கிளப் ஒன்று தன் ஊரை விட்டு வேறு ஊருக்குப் போகும்போது, அதன் இளையோர் அகாடமியும் சுற்றியுள்ள சிறு கிளப்புகளும் என்ன ஆகும் என்று கேட்டு வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய கேள்விகளுக்கு இந்த இதழில் விடை காண்போம்.

கேள்வி: எங்கள் ஊர் கிளப் அடுத்த பருவத்தில் வேறு நகரத்துக்குப் போகப்போவதாக அறிவித்துள்ளது. என் மகனுக்கு 13 வயது. மூன்று ஆண்டுகளாக அதன் அகாடமியில் ஆடுகிறான். நாங்கள் இப்போதே வேறு இடம் தேட வேண்டுமா?

பதில்: அறிவிப்பைப் பார்த்ததும் பதறாமல், எது ஊர் மாறுகிறது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். போட்டி நடக்கும் மைதானம் மட்டும் மாறுவது ஒன்று; பயிற்சித் திடல், பயிற்சியாளர்கள், அலுவலகம் எல்லாம் சேர்ந்து மாறுவது முற்றிலும் வேறு. இங்கிலாந்தின் கோவென்ட்ரி சிட்டி கிளப், மைதான வாடகைத் தகராறு முற்றியதால், 2013-14 பருவத்தின் சொந்த மைதான ஆட்டங்களைச் சுமார் 55 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நார்தாம்ப்டனில் போய் ஆடியது. ரசிகர்களில் பெரும்பாலோர் அங்கே போக மறுத்தார்கள். ஆனால் அகாடமி கோவென்ட்ரியை விட்டு நகரவில்லை. அதே ஊரில் பிறந்து அந்த அகாடமியில் வளர்ந்த ஜேம்ஸ் மேடிசன், 2014 ஆகஸ்டில் முதன்மை அணிக்காக முதன்முறையாகக் களமிறங்கியது அந்த நார்தாம்ப்டன் மைதானத்தில்தான். சில வாரங்களில் கிளப்பும் ஊர் திரும்பியது. இத்தகைய இடமாற்றத்தில் அகாடமிப் பிள்ளைகள் இழப்பது, வார இறுதியில் முதன்மை அணியின் ஆட்டத்தை நடந்துபோய்ப் பார்க்கும் வாய்ப்பை மட்டுமே.

விம்பிள்டன் கதை அப்படியல்ல. 2002 மே மாதம் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு ஒன்று அனுமதி அளித்ததைத் தொடர்ந்து, தெற்கு லண்டனைச் சேர்ந்த அந்த கிளப் 2003 செப்டம்பரில் மில்டன் கீன்ஸ் நகரில் ஆடத் தொடங்கியது. 2004-இல் பெயரையும் எம்கே டான்ஸ் என்று மாற்றிக்கொண்டது. இடையே கடன் சுமை தாங்காமல் நிர்வாகமே நீதிமன்ற நடைமுறையின் கீழ் வெளியாரின் கைக்குப் போக, சொந்த இளையோர் அணியிலிருந்து எழுந்து வந்த நைஜல் ரியோ-கோக்கர் போன்றவர்கள் அடுத்தடுத்து விற்கப்பட்டார்கள். ஊர் மாறும் கிளப் பெரும்பாலும் பணமில்லாத கிளப்பாகவே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அகாடமிக்கு உண்மையான ஆபத்து தூரத்திலிருந்து வருவதற்கு முன்பே கணக்குப் புத்தகத்திலிருந்து வந்துவிடுகிறது.

தூரத்தையும் லேசாக எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் அகாடமி விதிகளில், சிறுவர்கள் அகாடமியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள்ளும், சற்று மூத்தவர்கள் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும் வசிக்க வேண்டும் என்ற வரையறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. உயர்நிலை அகாடமிகளுக்கு மட்டும் குறிப்பிட்ட வயதுக்கு மேல் தளர்வு உண்டு. இத்தகைய விதி இல்லாத நாடுகளிலும், பள்ளி விட்டு வந்த பிள்ளையை வாரத்தில் மூன்று மாலை வண்டியில் உட்காரவைத்து அழைத்துப் போய்த் திரும்புவது எந்தக் குடும்பத்துக்கும் நீண்ட நாள் தாங்காது.

உங்கள் மகனின் வயதுதான் எனக்குக் கவலை தருகிறது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை அக்கம்பக்கத்துச் சிறு கிளப்புக்குத் திரும்பினால் பெரிதாக எதையும் இழப்பதில்லை. 17 வயதுக்காரனுக்கு ஒப்பந்தமும் விடுதி அறையும் கொடுத்து கிளப்பே உடன் அழைத்துச் சென்றுவிடும். நடுவில் இருக்கும் 12 முதல் 15 வயதினருக்கோ இரண்டும் கிடைப்பதில்லை. மற்ற அகாடமிகளில் அந்த வயதுப் பிரிவுகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஆகவே, பயிற்சித் திடலின் குத்தகை எந்த ஆண்டு வரை, உங்கள் மகனின் பயிற்சியாளருக்கு ஒப்பந்தம் எந்த மாதம் வரை என்ற இரண்டையும் கிளப்பிடம் எழுத்து மூலம் கேளுங்கள். 'அகாடமி தொடரும்' என்ற வாய்மொழி உறுதியை நம்பி ஒரு பருவத்தைக் கழித்துவிடாதீர்கள். பயிற்சியாளர்கள் வேறு வேலை தேடத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்தால், நீங்களும் தேடத் தொடங்கலாம்.

கேள்வி: நாங்கள் நடத்தும் சிறு கிளப்பிலிருந்து பல பையன்கள் அந்தப் பெரிய அகாடமிக்குப் போனார்கள். அது ஊர் மாறினாலோ கலைந்தாலோ, பிற்காலத்தில் எங்களுக்கு வரவேண்டிய பயிற்சித் தொகையும் போய்விடுமா?

பதில்: போகாது. ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தக் காலத்துக்குள் நாடு விட்டு நாடு விற்கப்படும் ஆட்டக்காரரின் இடமாற்றத் தொகையில் 5 சதவீதம், அவர் 12 வயது முதல் 23 வயது வரை பதிவு பெற்றிருந்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வரையிலான ஒவ்வொரு ஆண்டுக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். இதைத் தவிர, முதல் தொழில்முறை ஒப்பந்தத்தின்போதும், 23 வயது நிறையும் ஆண்டு முடியும் வரையிலான இடமாற்றங்களின்போதும் பயிற்சி இழப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு. உங்கள் பங்கு உங்கள் கிளப்பில் பையன் பதிவாகியிருந்த ஆண்டுகளுக்கானது; இடையில் வந்த பெரிய கிளப் எங்கே போனாலும் அது பாதிக்கப்படாது. ஒரே நாட்டுக்குள் நடக்கும் இடமாற்றங்களுக்கு மட்டும் அந்தந்த நாட்டுச் சங்கத்தின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய கிளப்பே கலைந்துபோனால் அதற்குரிய பயிற்சி இழப்பீட்டைத் தேசியச் சங்கம் கோரிப் பெறலாம். அதை இளையோர் வளர்ச்சிக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது விதி. அந்தப் பணம் உங்கள் வட்டாரத்துக்குத் திரும்பி வருகிறதா என்பதைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்பது உங்கள் உரிமை.

சிறு கிளப்புகள் வழக்கமாகத் தவறுவது பதிவில்தான். பையன் நான்கு ஆண்டுகள் உங்கள் திடலில் ஆடியதை ஊரே அறிந்திருக்கலாம். சங்கத்தில் பெயர் பதிவாகாவிட்டால், 2022 முதல் இத்தொகைகளைக் கணக்கிட்டுப் பட்டுவாடா செய்யும் ஃபிஃபா அமைப்பின் மின்னணு ஆவணத்தில் உங்கள் கிளப்பின் பெயர் வராது.

பணத்தைத் தாண்டிய இழப்பும் உண்டு. பெரிய கிளப் இருந்தவரை உங்கள் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு நடந்திருக்கும், பயிற்சி ஆட்டங்கள் கிடைத்திருக்கும், திறமை தேடுவோர் உங்கள் திடலோரம் வந்து நின்றிருப்பார்கள். அவை நின்றுபோகும். மறுபுறம், ஒன்பது வயதிலேயே உங்கள் நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போக ஆள் இருக்காது என்பதால், சில ஆண்டுகளுக்கு உங்கள் அணி வலுவாகவும் இருக்கக்கூடும். இதை வெளியே சொல்லத் தயங்கும் பயிற்சியாளர்கள் நிறையப் பேர்!

கேள்வி: கிளப் வந்து சேரும் புதிய ஊரின் பிள்ளைகளுக்கு உடனே பலன் கிடைக்குமா?

பதில்: உடனே கிடைக்காது, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகும். மில்டன் கீன்ஸில் பிறந்த டெலி அலி, 11 வயதில் எம்கே டான்ஸ் அகாடமியில் சேர்ந்து, 2012-இல் 16 வயதில் முதன்மை அணிக்கு வந்து, 2014 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று வீழ்த்திய அணியில் ஆடி, 2015-இல் டாட்டன்ஹாமுக்கு விற்கப்பட்டார். ஸ்காட்லாந்தில், எடின்பரோவின் மெடோபேங்க் திஸ்டில் கிளப் 1995-இல் லிவிங்ஸ்டன் நகருக்குப் போய் அந்தப் பெயரையே சூடிக்கொண்டது. அதன் இளையோர் அணியிலிருந்து ராபர்ட் ஸ்னாட்கிராஸ், கிரகாம் டோரன்ஸ் போன்றோர் வெளிவந்தது அடுத்த பத்தாண்டின் நடுப்பகுதியில்தான்.

குறுக்கு வழியும் ஒன்று உண்டு. ஜெர்மனியில் 2009-இல் மார்க்ரான்ஷ்டெட் கிளப்பின் லீக் இடத்தைப் பெற்றுக்கொண்டு ஆர்பி லைப்சிக் உருவானபோது அதனிடம் இளையோர் அணிகளே இல்லை. விதியோ அவை இருக்க வேண்டும் என்றது. பணமுடையில் இருந்த சாக்சன் லைப்சிக் கிளப்பின் இளையோர் அணிகளை அது அப்படியே எடுத்துக்கொண்டது. பெரிய கிளப்புக்கு ஒரே நாளில் அகாடமி கிடைத்தது; பிள்ளைகளைக் கொடுத்த பழைய கிளப் சில ஆண்டுகளில் திவாலாகி மறைந்தது. புதிய ஊரில் ஏற்கெனவே இயங்கும் அகாடமிகளை நடத்துவோர் மனத்தில் வைக்க வேண்டிய எடுத்துக்காட்டு இது.

கேள்வி: இந்தியாவில் இப்படி நடந்திருக்கிறதா?

பதில்: ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடரிலேயே நடந்திருக்கிறது. 2019-இல் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆனது. அதே ஆண்டு புனே சிட்டியின் இடத்தில் ஐதராபாத் எஃப்சி வந்தது. அந்த ஐதராபாத் அணி 2025-இல் டெல்லிக்கு மாறியது.

கேள்வி: ஊர் மக்கள் இதைத் தடுக்க முடியுமா? தடுத்தால் அகாடமி பிழைக்குமா?

பதில்: அமெரிக்காவின் கொலம்பஸ் நகரம் தடுத்துக் காட்டியது. கொலம்பஸ் கிரூ அணியை டெக்சஸின் ஆஸ்டினுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை அதன் உரிமையாளர் 2017 அக்டோபரில் வெளிப்படுத்தியதும், ரசிகர்கள் இயக்கமாகத் திரண்டார்கள். பொதுப்பணத்தின் உதவி பெற்ற அணி ஊர் மாறுவதற்கு ஆறு மாதம் முன்னறிவிப்பு தந்து, உள்ளூர்க்காரர்கள் வாங்க வாய்ப்பளிக்க வேண்டும் என்ற ஒஹாயோ மாநிலச் சட்டத்தைக் காட்டி அரசும் வழக்குத் தொடுத்தது. புதிய உரிமையாளர்கள் முன்வந்தார்கள், அணி தங்கியது. 2020 அமெரிக்க லீக் இறுதி ஆட்டத்தில் வெற்றிபெற்ற கிரூவின் தொடக்கப் பதினொருவரில், அந்த அகாடமியிலிருந்து வந்த 19 வயது எய்டன் மோரிஸும் இருந்தார்.

தடுக்க முடியாதபோது மாற்றுக் கிளப் தொடங்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும். விம்பிள்டன் ரசிகர்கள் 2002-இல் தொடங்கிய ஏஎஃப்சி விம்பிள்டன், ஒன்பதாம் அடுக்கிலிருந்து ஏறி 2011-இல் தொழில்முறை லீக்கை அடைந்தது. அதன் அகாடமியில் வளர்ந்த ஜாக் ருடோனி 2022-இல் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனார். 2003-இல் 13 வயதாக இருந்த பையனுக்கு இது எட்டாக்கனிதான்.

கேள்வி: அகாடமி மூடப்பட்டால், பிள்ளை இழப்பீட்டுச் சிக்கல் இல்லாமல் வேறு அகாடமியில் சேரலாமா?

பதில்: கிளப்பே விடுவித்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆனால், கிளப் தொடர்ந்து வைத்துக்கொள்ள முன்வந்து, தூரத்தைக் காரணம் காட்டி நீங்கள் மறுத்தால், சேர்த்துக்கொள்ளும் கிளப்பிடம் இழப்பீடு கோரும் விதி இங்கிலாந்து போன்ற இடங்களில் உண்டு; அதைக் கேட்டதும் பின்வாங்கும் கிளப்புகளும் உண்டு. எனவே விடுவிப்புக் கடிதத்தைத் தேதியுடனும் கையொப்பத்துடனும், பழைய அலுவலகம் காலி செய்யப்படுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அதன் படியைச் சங்கத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள்.