அடுப்பு மூட்டாத விருந்துத் தட்டு: வெட்டிய பெட்டியா, முழுப் பழமா?

கேள்வி: சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். சமைக்காமல், பழமும் மரக்கறியும் நிறநிறமாக அடுக்கி ஒரு பெரிய தட்டு வைக்க எண்ணம். சூப்பர் மார்க்கெட்டில் வெட்டி அடைத்த பெட்டிகளையே வாங்கலாமா? போன முறை அப்படிச் செய்து, அரை மணியில் தட்டெல்லாம் தண்ணீர். எல்லாமே பீற்றூட் நிறம்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வாங்காதீர்கள். வெட்டிய பழம் பெட்டிக்குள்ளேயே சாறு விடத் தொடங்கிவிடும். வெட்டுக்கூலியும் விலையில் சேர்ந்திருக்கும். பெட்டிதான் வேண்டுமென்றால் அடியைப் பாருங்கள். சாறு தேங்கியிருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள்.

ஆளுக்கு 150 கிராம் கணக்கில் வெட்டிய பிறகு ஒன்றரைக் கிலோ தேவை. அன்னாசியில் ஏறக்குறைய பாதி தோலும் கண்ணுமாகப் போய்விடும், ஆகவே மொத்தம் இரண்டேகால் கிலோ வாங்குங்கள். வெள்ளவத்தைச் சந்தையே போதும். மொத்த வியாபாரம் நடக்கும் மெனிங் சந்தை இப்போது பேலியகொடையில். பத்துப் பேருக்காக அங்கே போனால் மிச்சம் பிடிக்கும் காசு போக்குவரத்துக்கே சரி.

பழுத்துக் குழைந்த பழம் தட்டுக்கு உதவாது. கறுத்தக்கொழும்பான் கையால் சாப்பிடவே நல்லது, வெட்டினால் சாறாக ஓடும். தட்டுக்கு டிஜேசி மாம்பழம், சதை கெட்டி. பப்பாசி அழுத்தினால் இலேசாக மட்டும் குழிய வேண்டும். தக்காளியில் சின்னதை வாங்கி முழுதாகவே வையுங்கள்.

போன முறை தட்டு தண்ணீர் விட்டதற்கு உப்பும் ஈரமும்கூடக் காரணமாக இருக்கலாம். வெட்டிய கெக்கரியில் உப்புத் தூவினால் அது உள்ளேயிருக்கும் நீரை வெளியே இழுக்கும். விதையைச் சுரண்டிவிட்டு விரல் நீளத்துக்கு வெட்டுங்கள், உப்பைத் தொட்டுச் சாப்பிடும் தொடுகறியில் (டிப்) மட்டும் போடுங்கள். கழுவிய எதையும் துணியில் ஒற்றாமல் அடுக்க வேண்டாம். கரட்டையும் முள்ளங்கியையும் முதல்நாள் இரவே வெட்டிக் குளிர்நீரில் பிரிட்ஜில் வைக்கலாம். கெக்கரிக்கு ஒரு மணி நேரம் முன்பு, பழத்துக்குக் கடைசி அரை மணி. பீற்றூட்டின் சாயம் நீரில் கரையும். எவ்வளவு ஒற்றினாலும் பக்கத்தில் பரவும். ஊதாக் கோவாவை வாங்கினால் கிட்டத்தட்ட அதே நிறம், அந்தத் தொல்லை குறைவு.

அடுக்கும்போது முதலில் தொடுகறிக் கிண்ணங்கள், பிறகு பெரிய துண்டுகள், இடைவெளிக்குக் கச்சானும் கஜுவும். ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது: கரட்டுக்கும் பப்பாசிக்கும் நடுவே கெக்கரி போடுங்கள். அன்னாசியைக் கோவா இலைக்குள் வைத்தால் சாறு அங்கேயே நிற்கும்.

கேள்வி: தொடுகறிக்கு என்ன வாங்குவது?

பதில்: சட்டியில் விற்கும் எருமைத் தயிர் அரைக் கிலோ. மேலே நிற்கும் நீரை வடித்து, உப்பு, மிளகு, பொடியாக வெட்டிய புதினா, பச்சை மிளகாய் கலக்கினால் போதும். அன்னாசியை அதில் போட்டு வைக்காதீர்கள். அதிலுள்ள நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும். இரண்டாவதாக டின் கடலையை நல்லெண்ணெய், தேசிக்காய்ச் சாறு, உள்ளியுடன் அரைக்கலாம். டின்னில் 400 கிராம் என்றிருந்தாலும் நீரை வடித்தால் 240 கிராம் அளவே கடலை. விலை ஒப்பிடும்போது வடிகட்டிய நிறையைப் பாருங்கள்.

கேள்வி: எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

பதில்: இரண்டு மணி நேரம். மின்விசிறி மட்டும் ஓடும் வெக்கையான அறை என்றால் ஒரு மணிதான். அதனால் ஒரு பெரிய தட்டுக்குப் பதில் இரண்டு சின்னத் தட்டு அடுக்கி, ஒன்றைப் பிரிட்ஜில் வையுங்கள். தட்டில் சீஸும் வைப்பதானால் அது கடைசியில் வெளியே வரட்டும், சூட்டில் எண்ணெய் கக்கும். வெளியே நேரம் கடந்த தயிரை மறுநாளுக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

கேள்வி: சீஸ் பொதியில் அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாக பில்லில் போட்டிருக்கிறார்கள்.

பதில்: அது குற்றம். பொதியையும் பில்லையும் எறியாமல், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் அழையுங்கள்.