அடுத்த மாதம் என்னென்ன புத்தகங்கள் படிப்பது என்று எப்படித் திட்டமிடுகிறீர்கள்?

கண்காட்சியில் வாங்கிய புத்தகங்கள் பையோடு மூலையில் கிடக்கும், அதைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாதத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை வைக்காதீர்கள். அந்த மாதம் சேர்ந்தாற்போல எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று பார்த்துப் புத்தகத்தை எடுங்கள்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். கொஞ்சம் ரப்பர் இருக்கிறது, நானேதான் பால் வெட்டுகிறேன். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் நன்றாக வெளிச்சம் வரும்போது கடைசி மரம் முடியும். பால் சொட்டி நிற்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வீட்டுக்குப் போனால் ஏதாவது வேலை சொல்வார்கள் என்பதால் ரப்பர் ஷீட் அடிக்கும் புரையிலேயே, அதாவது கொட்டகையிலேயே, உட்கார்ந்து படிப்பேன். விரலில் காய்ந்த பால், புரட்டுகிற பக்கத்தின் ஓரத்திலும் ஒட்டும். அதனால் வெட்டுக் காலத்தில் சின்னப் புத்தகம், அதுவும் சொந்தப் புத்தகம்தான். நூலகப் புத்தகம் தோட்டத்துக்குப் போகாது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ அப்படிப் படித்தது. 1964இல் வந்த, பனைவிளைக் கிராமத்துக் கதை. கதாநாயகி லிஸியை வீட்டுக்குள் இருத்திவிடுகிற இடத்தில், பால் சேர்க்க வாளியை எடுக்கவே மனம் வரவில்லை. மரத்தில் பால் பிடிக்கிற சில சிரட்டைகளில் பால் உறைந்தே போனது.

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் வேறு கணக்கு. மரம் நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டுகிற இடம் நனையாமல் மரத்தில் பிளாஸ்டிக் கட்டி வெட்டலாமே என்பீர்கள், தெரியும். செலவைப் பார்த்தால் எனக்குக் கட்டாது. ஆக ஜூனில் தடிப் புத்தகம்.

ரப்பர் வெட்டுகிறவனுக்கு இத்தனை புத்தகம் வாங்கக் காசு ஏது என்று ஒருவர் முன்பு கேட்டார். ஒட்டுப்பால், அதாவது மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிய ரப்பர், விற்ற காசுதான்.

இந்த ஜூனுக்கு நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’, இரண்டாம் முறை. 1968இல் வந்தது, எங்கள் மாவட்டத்து இரணியல் ஊர்ப் பேச்சிலேயே ஓடும். வெளியூர்க்காரர் என்றால் முதல் சில பக்கங்கள் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மழை விட்டுவிட்டுப் பெய்தால் இடையில் வெட்டப் போகவேண்டி வரும், அப்போது அதைத் தள்ளிவைத்துவிட்டு, தோப்பில் முகமது மீரானின் சிறுகதைகளை எடுப்பேன்.