செல்லுக்குள் கால்சியத்தைக் கட்டிப்போட: வாசகர் கேள்விகள்

கேள்வி: கால்சிய சமிக்ஞையை நிறுத்த, கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பாப்டா-ஏஎம் என்ற வேதிப்பொருளை 20 மைக்ரோமோலார் சேர்த்தேன். செல்களில் ஒரு மாற்றமும் இல்லை. சரக்கு கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருக்கலாம். ஆனால் செல்லுக்குள் போகவே இல்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வெறும் பாப்டாவில் நான்கு எதிர்மின்னேற்றங்கள், சவ்வைத் தாண்டாது. அந்த நான்கு முனைகளையும் எஸ்டரால் மூடியதுதான் 'ஏஎம்' வடிவம். உள்ளே போன பிறகு எஸ்டரேஸ் நொதிகள் மூடியைக் கழற்றினால்தான் கால்சியத்தைப் பிடிக்கும். மீடியத்தில் சீரம் இருந்தால் அதிலுள்ள எஸ்டரேஸ் வெளியிலேயே கழற்றிவிடும். ஆகவே சீரம் இல்லாத பஃபரில் ஏற்றுங்கள்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்காதீர்கள். காற்றின் ஈரம் உள்ளே படியும், எஸ்டர் சிதையும். அறை வெப்பத்துக்கு வந்தபின் 1 மில்லிகிராமுக்கு 131 மைக்ரோலிட்டர் ஈரமற்ற டிஎம்எஸ்ஓ கரைப்பான் விட்டால் 10 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். சிறு பங்குகளாகப் பிரித்து மீண்டும் உறையவையுங்கள். பங்கை ஐஸில் வைத்து இளக்கப் பார்ப்பது வீண்: டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும்.

கரைசலை நேரே பஃபரில் விட்டால் வெண்ணிற இழை ஓடும். அது படிந்துபோன மருந்து. 2 மைக்ரோலிட்டர் கரைசலுடன் டிஎம்எஸ்ஓவில் கரைத்த 20 சதவீத ப்ளூரானிக் எஃப்-127-ஐ (மருந்து நீரில் பரவ உதவும் சோப்பு போன்ற பொருள்) 1 மைக்ரோலிட்டர் கலந்து, பிறகு 1 மில்லிலிட்டர் பஃபரில் சேர்த்துச் சுழற்றுங்கள். 30 நிமிடம் ஏற்றி, இருமுறை கழுவி, மூடி முழுக்கக் கழல இன்னும் 30 நிமிடம் விடுங்கள். அவசரத்தில் பலர் தவிர்ப்பது இந்தக் கடைசி அரைமணியைத்தான்.

கேள்வி: அதற்குப் பதில் 2-ஏபிபி போடலாமா?

பதில்: ஐபி3 ஏற்பியை, அதாவது செல்லின் உள்சேமிப்பிலிருந்து கால்சியத்தை விடும் வாயிலைத் தடுப்பது என்று பெயர், கை சுத்தமில்லை. அந்தச் சேமிப்பு காலியானதும் செல் சவ்வில் திறக்கும் கால்சிய வாயிலை குறைந்த அளவில் தூண்டும், 50 மைக்ரோமோலார் வாக்கில் அடைக்கும். டிஆர்பி என்ற வேறு அயனி வாயில்கள் சிலவற்றையும் திறக்கும். இதை மட்டும் நம்பி முடிவெழுத வேண்டாம்.

கேள்வி: பாப்டா-ஏஎம் போட்டதும் செல் நகர்வு நின்றது. கால்சியம்தான் காரணம் என்று எழுதலாமா?

பதில்: இன்னும் வேண்டாம். பாப்டா துத்தநாகத்தைக் கால்சியத்தைவிட இறுக்கமாகப் பிடிக்கும். எஸ்டர் வெட்டுப்படும்போது ஃபார்மால்டிஹைடும் வெளிவரும். ஆகவே இரண்டு கண்ட்ரோல்கள் வேண்டும். பாப்டா இல்லாமல் டிஎம்எஸ்ஓவும் ப்ளூரானிக்கும் அதே அளவில் உள்ளது ஒன்று. கால்சியத்தை மிகப் பலவீனமாகவே பிடிக்கும் டைநைட்ரோ-பாப்டாவின் ஏஎம் வடிவம் இன்னொன்று. இரண்டாவதிலும் நகர்வு நின்றால் பழி கால்சியத்தின் மேல் இல்லை. ஈஜிடிஏ-ஏஎம்மையும் போட்டுப் பாருங்கள். அதுவும் கால்சியத்தைப் பிடிக்கும், ஆனால் பாப்டாவைவிட ஏறக்குறைய நூறு மடங்கு மெதுவாக. பாப்டா நிறுத்தி, ஈஜிடிஏ நிறுத்தாவிட்டால், வாயிலுக்கு மிக அருகில் எழும் வேகமான கால்சியத் துடிப்பே காரணமாக இருக்கலாம்.