பாலையாவின் கடைசி நாட்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தில் மாதம் ஒரு மறைந்த கலைஞரைப் பற்றிப் பேசுகிறோம். தியாகராஜ பாகவதர், சந்திரபாபு, சாவித்திரி முடிந்துவிட்டது. மூன்றுக்கும் நல்ல கூட்டம். சாவித்திரி கூட்டத்தில் சில மாணவிகள் அழுதே விட்டார்கள். அடுத்தது டி.எஸ். பாலையா. படப்பட்டியல் கிடைத்துவிட்டது. கடைசி நாட்கள் பற்றித்தான் உருக்கமாக எதுவும் அகப்படவில்லை. எங்கே படிக்கலாம்? அவருக்கு மணிமண்டபம் இல்லாதது அநியாயம் அல்லவா? இன்றைய நடிகர்களில் அவருக்கு இணை யார்?

ச.

அன்புள்ள ச.,

மணிமண்டபத்தை விடுங்கள். கட்டினால் திறப்பு விழாவன்று கூட்டம் வரும், அப்புறம் பூட்டுத்தான். இணை யார் என்பது டீக்கடைப் பேச்சு, அங்கேயே இருக்கட்டும்.

‘உருக்கமாக எதுவும் அகப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில். 1936இல் சதி லீலாவதியில் நுழைந்தவர் பாலையா. எம்.ஜி.ஆருக்கும் அதே படம்தான் தொடக்கம். 1972இல் இறக்கும்வரை வில்லன், அப்பா, பாகவதர், தவில்காரர், வடநாட்டு சேட் என்று எத்தனை வேஷம்! அத்தனையையும் பட்டியலில் அடக்கிவிட்டு, சாவில் கண்ணீர் போதவில்லை என்று குறைப்படுகிறீர்களே, இது என்ன நியாயம்?

பாகவதர் கூட்டத்தில் என்ன பேசியிருப்பீர்கள் என்று கேட்காமலே சொல்வேன். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, சிறை, 1959இல் மரணம். அவர் நடித்த ஹரிதாஸ் படம் மூன்று தீபாவளி பார்த்தது ஒரு வரி. அவருடைய ஒரு பாட்டையாவது முழுசாகப் போட்டுக் காட்டினீர்களா? சந்திரபாபு என்றால் கடன், குடி, கட்டி முடியாத வீடு. சாவித்திரி என்றால் கோமா. இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோலவே எல்லாக் கலைஞர்களையும் பேசப் பழகிவிட்டோம். இதை ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்திருந்தேன், நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

என் பெரியம்மா ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவர். ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் என்கிற நாயகி இன்னொரு ஊர், ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நடக்கும். எங்கள் ஊருக்கு வரும் ஒரு நாரதர், வள்ளி மடக்கிக் கேட்டதும் வாயைத் திறக்க மாட்டாராம். கையிலிருக்கும் தாளக்கட்டையை, அதுதான் சிப்ளாக்கட்டை, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ‘நீராவது சொல்லுமய்யா’ என்பதுபோல ஆர்மோனியக்காரரைத் திரும்பிப் பார்ப்பாராம். கூட்டம் சிரித்து ஓய்ந்தபிறகுதான் பதில் வரும். எண்பது வயதில், அடுப்படியில் இரண்டு கரண்டிகளைக் கையில் எடுத்து, பெரியம்மா அதை எனக்கு நடித்துக் காட்டினார். திரும்பும்போது கழுத்து மட்டும் திரும்பும், உடம்பு அசையாது. அந்த நாரதர் எப்படிச் செத்தார் பெரியம்மா என்று கேட்டேன். “அத யாரு கண்டா?” என்று எரிந்து விழுந்தார். அவருக்கு அந்த மனுஷர் செத்ததே ஒரு பொருட்டில்லை. பார்த்தவர் அவர். நாம் பார்க்காதவர்கள், அதனால் சாவைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

உங்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. பாலையா கைப்பேசியிலேயே இருக்கிறார். காதலிக்க நேரமில்லை (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை நூறு தடவை பார்த்திருப்பீர்கள், நூறு தடவையும் நாகேஷைத்தான் பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை பாலையாவை மட்டும் பாருங்கள். அவருக்கு அங்கே வசனமே சொற்பம், கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. பிள்ளை என்ன உளறப்போகிறானோ என்று அலட்சியமாக உட்காரும் பணக்கார அப்பா, கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னப் பையனாகிவிடுகிறார். அவர் பயப்படாவிட்டால் நாகேஷின் கதையில் பேயே கிடையாது. நாடகக் கம்பெனியில் வளர்ந்தவருக்கு, எதிரில் இருப்பவன் நடிக்கும்போது தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

அடுத்த வருஷம் திருவிளையாடல். ‘ஒரு நாள் போதுமா’ பாடியது பாலமுரளிகிருஷ்ணா. தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகத்தின் பெயர் வருகிற இடத்தில் ராகமும் மாறும் பாட்டு. குரல் அவருடையது, திமிர் முழுக்கப் பாலையாவுடையது. அந்தத் திமிரை வைத்துக்கொண்டே, ராத்திரி விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு, அவர் வேஷம் கட்டிய ஹேமநாத பாகவதர் ஒடுங்குவதையும் அவரே செய்ய வேண்டும், செய்கிறார். தில்லானா மோகனாம்பாளின் தவில்காரர் முத்துராக்கைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விடுகிறேன்.

சரி, எங்கே படிக்கலாம் என்று கேட்டீர்கள். பாலையாவைப் படிக்க வேண்டாம், பாருங்கள். கம்பெனி நாடகம் எப்படி ஆட்களை உருவாக்கியது என்று தெரிய நாடக நடிகர் அவ்வை சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ படியுங்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தது அதில் இருக்கிறது. சுவாமிகள் 1922இல் இறந்ததை நாம் துக்கமாக உணர்வது, அந்த இரவை முதலில் படித்ததால்தான்.

அழுத பிள்ளைகளைத் திட்டியதாக நினைக்க வேண்டாம். யாரோ ஒரு நடிகைக்காக அழ முடிகிற வயது நல்ல வயது. இந்த மாதம் அவர்களைச் சிரிக்க விடுங்கள். மன்றத்தில் புரொஜெக்டர் இருக்கும்தானே? நாகேஷ் காட்சியை இரண்டு முறை போடுங்கள், இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டு. உங்கள் பேச்சு பத்து நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம். தேதியை எழுதுங்கள், பக்கத்து ஊர் என்றால் நானும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.